1984-ன் இருபது நம்பர் ஒன் பாட்டுகள்: ஸ்டுடியோவுக்குள் எட்டிப் பார்ப்போம், வாங்க!

ஒரு பாட்டு கழிப்பறையில் பிறந்தது. இன்னொன்றின் வரிகள் ஓடும் காரின் பின்சீட்டில் எழுதப்பட்டன. ஒன்று திராட்சைத் தோட்டத்து வண்டிக்குள்ளே உருவானது. இன்னொன்றுக்குப் பெயர் கிடைத்தது டிவி நிகழ்ச்சிப் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தபோது. நாலுமே அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் முதலிடம் பிடித்தவை, அதுவும் ஒரே வருஷத்தில்! 1984 என்று யாராவது சொன்னாலே எனக்குக் கால் தரையில் நிற்காது.

அந்த வருஷத்தின் 52 வாரங்களில் மொத்தம் 20 பாட்டுகள் உச்சியில் உட்கார்ந்தன. அதில் ஒன்று 1983 டிசம்பரிலேயே ஏறிவிட்ட பாட்டு, மற்ற 19-ம் புத்தம் புதுசு. இன்றுபோல விரல் தட்டலை எண்ணிக் கணக்குப் போடுகிற காலம் இல்லை அது. ரெக்கார்டு கடைக்காரர்களிடம் இந்த வாரம் எது நன்றாக ஓடுகிறது என்று கேட்பார்கள். ரேடியோ நிலையங்களிடம் எதை எவ்வளவு போடுகிறீர்கள் என்று பட்டியல் வாங்குவார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் வாராவாரம் வரிசை. கடையில் பார்கோடு தட்டும்போதே விற்பனை பதிவாகிற முறை ஹாட் 100-க்கு வந்தது 1991-ல்தான். 1984-ல் இந்தப் பழைய முறையோடு புது ஆள் ஒருவரும் சேர்ந்துகொண்டார்: எம்டிவி. 1981-ல் பிறந்த அந்தச் சேனலுக்கு அப்போது மூன்று வயது. பாட்டுக்கு முகம் வேண்டும், உடை வேண்டும், கதை வேண்டும் என்று ஆகிவிட்டிருந்தது.

அப்போது நம் ஊர் காசெட் கடைகளில் ஒரு தாளில் பாட்டுப் பெயர்களை எழுதிக் கொடுத்தால் பதிவு செய்து தருவார்கள். சைடு ஏ-க்கு இத்தனை நிமிஷம், சைடு பி-க்கு இத்தனை நிமிஷம். முதல் பாட்டு எது, கடைசிப் பாட்டு எது, இடம் போதாமல் வெளியே போகப்போவது எது என்று தாளை அடித்து அடித்து எழுதிய ஆசை இன்னும் என்னை விடவில்லை. ஆகவே இந்த இருபதையும் வரிசைப்படுத்தியே தீருவேன். கீழ்வரிசையை ஒரே ஓட்டமாகக் கடந்துவிடலாம். மேலே போகப் போக நின்று பார்ப்போம்.

கடைசி இடம் ஜான் வெய்ட்டின் 'மிஸ்ஸிங் யூ'. நல்ல பாட்டுதான், ஆனால் உச்சியில் ஒரே ஒரு வாரம். அதற்கு மேலே ஹால் அண்ட் ஓட்ஸின் 'அவுட் ஆஃப் டச்'. அப்புறம் வாம் குழுவின் 'வேக் மீ அப் பிஃபோர் யூ கோ-கோ'. இதன் தலைப்பு வந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆண்ட்ரூ ரிட்ஜ்லி தன் பெற்றோருக்கு, காலையில் எழுப்பிவிடுங்கள் என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதினார். எழுதும்போது 'அப்' என்ற சொல் தவறுதலாக இரண்டு தடவை விழுந்துவிட்டது. உடனே 'கோ'வையும் இரண்டு தடவை எழுதி வைத்தார். அதைப் பார்த்த ஜார்ஜ் மைக்கேல் அதிலிருந்தே ஒரு பாட்டைக் கட்டி, உலகத்தையே கைதட்ட வைத்துவிட்டார்!

பில்லி ஓஷனின் 'கரீபியன் குவீன்' கதையும் கேளுங்கள். டிரினிடாட்டில் பிறந்த இந்தப் பாடகர் இதை முதலில் 'யூரோப்பியன் குவீன்' என்ற பெயரில் பிரிட்டனில் வெளியிட்டார். எடுபடவில்லை. மெட்டு அதே, ராணியின் ஊரை மட்டும் மாற்றிப் பாடினார். அமெரிக்காவில் இரண்டு வாரம் முதலிடம்! 'ஆப்ரிக்கன் குவீன்' என்றும் ஒன்று உண்டு.

கல்ச்சர் கிளப்பின் 'கர்மா கமீலியன்' வீடியோவில் மிசிசிப்பி ஆறு, நீராவிக் கப்பல், 1870 என்றெல்லாம் வருகிறதே, அது எடுக்கப்பட்டது இங்கிலாந்தில், தேம்ஸ் நதியில். அந்தப் பாட்டுக்குத் துள்ளல் கொடுக்கும் ஹார்மோனிகாவை வாசித்தவர் ஜட் லேண்டர். லயனல் ரிச்சியின் 'ஹலோ' வீடியோவில் பார்வையற்ற மாணவி ஒருத்தி களிமண்ணில் அவர் தலையைச் செய்வாள். அந்தச் சிலை தன்னைப் போலவே இல்லை என்று ரிச்சி முறையிட்டபோது, அந்தப் பெண்ணுக்குக் கண் தெரியாதே என்றாராம் இயக்குநர் பாப் ஜிரால்டி! அதற்கு மேல் என்ன பேசுவது?

பால் மெக்கார்ட்னியும் மைக்கேல் ஜாக்சனும் சேர்ந்து பாடிய 'சே சே சே' தான் முந்தின வருஷத்திலிருந்து வந்த விருந்தாளி. பாட்டைவிடப் பின்கதை பெரியது. பாட்டுகளின் வெளியீட்டு உரிமையை வாங்கி வைப்பதில் எவ்வளவு லாபம் என்று மைக்கேலுக்குச் சொல்லிக்கொடுத்தவர் பால். மைக்கேல் அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார். 1985-ல் 4.75 கோடி டாலர் கொடுத்து ஏடிவி நிறுவனத்தின் பாட்டுக் களஞ்சியத்தை வாங்கினார். அதற்குள் பீட்டில்ஸ் பாட்டுகள் இருந்தன, அதாவது பால் எழுதிய பாட்டுகளே!

இனி சினிமாப் பாட்டுகள். நமக்கு நெருக்கமான விஷயம். 1984-ல் உச்சிக்குப் போனவற்றில் ஐந்து பாட்டுகள் மறுவருஷம் ஆஸ்கருக்குப் போட்டியிட்டன. அந்தப் பிரிவில் இருந்ததே ஐந்து பாட்டுகள்தான். அப்படியானால் போட்டியிட்ட அத்தனையும் நம்பர் ஒன்! இப்படி ஒரு பந்தியை நினைத்துப் பார்த்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது.

'ஃபுட்லூஸ்' பாட்டு உருவான அறையில் இரண்டு நோயாளிகள் இருந்தார்கள். பாடகர் கென்னி லாகின்ஸ் மேடையிலிருந்து விழுந்து விலா எலும்பை உடைத்துக்கொண்டிருந்தார். படத்துக்குத் திரைக்கதை எழுதிய டீன் பிட்ச்ஃபோர்டுக்குக் கடுமையான தொண்டைப் புண். சொன்னால் லாகின்ஸ் பக்கத்திலேயே விடமாட்டார் என்று அதை மறைத்துக்கொண்டு, லேக் டாஹோ ஹோட்டல் அறையில் உட்கார்ந்து அவரோடு பாட்டு எழுதினார். கேட்கிறவரை எழுந்து ஆட வைக்கும் பாட்டை அசைய முடியாத ஒருவரும் விழுங்க முடியாத ஒருவரும் செய்திருக்கிறார்கள்! அதே படத்தின் 'லெட்ஸ் ஹியர் இட் ஃபார் த பாய்' பாடிய டெனீஸ் வில்லியம்ஸ் ஒரு காலத்தில் ஸ்டீவி வொண்டரின் பின்னணிக் குழுவில் இருந்தவர். இந்தப் பாட்டில் அவருக்குப் பின்னணி பாடிய ஜார்ஜ் மெரில், ஷானன் ரூபிகாம் இருவரும்தான் பிறகு விட்னி ஹூஸ்டனுக்கு 'ஐ வான்னா டான்ஸ் வித் சம்பாடி' எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் குரல்களைத் தேடிக் கேட்டுப் பாருங்கள், பாட்டின் பாதிச் சந்தோஷம் பின்னால்தான் இருக்கிறது.

'கோஸ்ட்பஸ்டர்ஸ்' எழுத ரே பார்க்கர் ஜூனியருக்குக் கிடைத்த அவகாசம் ரொம்பக் குறைவு. படத்தின் பெயரைப் பாட்டில் எப்படி நுழைப்பது? எதுகைக்கு எந்தச் சொல்லும் ஒட்டவில்லை. பின்னிரவில் டிவியில் ஓடிய ஏதோ ஒரு உள்ளூர் சேவை விளம்பரம் வழி காட்டியது. வீட்டில் பிரச்சனை என்றால் எங்களைக் கூப்பிடுங்கள் என்கிற பாணி! கேள்வியைத் தான் கேட்டு, பதிலைக் கூட்டத்தைக் கத்த வைத்தால் வேலை முடிந்தது என்று பிடித்துவிட்டார். மெட்டு தன் 'ஐ வான்ட் அ நியூ டிரக்' பாட்டைப்போல இருக்கிறது என்று ஹ்யூயி லூயிஸ் வழக்குப் போட்டதும், அது கோர்ட்டுக்கு வெளியே சமரசமானதும் தனிக்கதை.

ஆஸ்கரை வென்றது ஸ்டீவி வொண்டரின் 'ஐ ஜஸ்ட் கால்டு டு சே ஐ லவ் யூ'. உலகமே இதைத் தெரிந்து வைத்திருக்கிறது. ஆனாலும் என் வரிசையில் பன்னிரண்டாம் இடம்தான் கொடுப்பேன். 'சூப்பர்ஸ்டிஷன்' பாட்டைச் செய்த கை இதைவிடப் பெரிய வேலைக்குப் பழகிய கை. ஆனால் அவர் அந்தப் பரிசை வாங்கிய விதத்துக்கு எத்தனை மதிப்பெண் கொடுத்தாலும் தகும். சிறையில் இருந்த நெல்சன் மண்டேலாவின் பெயரால் ஏற்றுக்கொள்கிறேன் என்றார். உடனே தென்னாப்பிரிக்க அரசு வானொலி அவருடைய பாட்டுகளுக்குத் தடை போட்டது.

அதே விழாவில் இன்னொரு காட்சி. 'அகெய்ன்ஸ்ட் ஆல் ஆட்ஸ்' பாட்டை மேடையில் நடிகை ஆன் ரைன்கிங் பாடி ஆடுகிறார். அதை எழுதிப் பாடி உச்சிக்குக் கொண்டுபோன ஃபில் காலின்ஸ் அரங்கில் பார்வையாளராக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்! இதன் முதல் வடிவம் அவருடைய 'ஃபேஸ் வேல்யூ' ஆல்பத்தில் இடம் கிடைக்காமல் ஒதுங்கிக் கிடந்த ஒரு மெட்டு. இயக்குநர் டெய்லர் ஹாக்ஃபோர்டு படத்துக்குப் பாட்டுக் கேட்டபோதுதான் அது தூசு தட்டி எடுக்கப்பட்டது. பியானோ மெல்ல மெல்ல நகர்ந்து, கடைசியில் டிரம் விழும் இடம் இருக்கிறதே, அந்த ஒரு இடத்துக்காகவே ஆறாம் இடம்.

டூரன் டூரனின் 'த ரிஃப்ளெக்ஸ்' ஏழாவது. ஆல்பத்தில் இருந்த வடிவத்தைப் பிரித்து மேய்ந்து மறுகலவை செய்தவர் 'ஷிக்' குழுவின் நைல் ராட்ஜர்ஸ். அந்த மறுகலவைதான் டூரன் டூரனை முதல் தடவையாக அமெரிக்க உச்சியில் ஏற்றியது. வருஷக் கடைசியில் இதே ராட்ஜர்ஸ் கை தொட்ட இன்னொரு பாட்டும் உச்சிக்குப் போனது. வாங்க, நியூயார்க்கின் பவர் ஸ்டேஷன் ஸ்டுடியோவுக்குப் போவோம்.

மடோனாவின் 'லைக் அ வர்ஜின்', ஐந்தாம் இடம். வரிகளை எழுதிய பில்லி ஸ்டைன்பெர்க் கலிஃபோர்னியாவின் கோச்செல்லா பள்ளத்தாக்கில் அப்பாவின் திராட்சைத் தோட்டங்களில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். தோட்டத்து பிக்-அப் வண்டிக்குள் எழுதியதுதான் இது. முறிந்த காதலிலிருந்து மீண்டு புதிதாய் ஒருவரைக் கண்ட தன் சொந்த நிம்மதியைத்தான் எழுதினார். கூட்டாளி டாம் கெல்லி இதைச் சோகமான மெதுவான பாட்டாக இழுத்துப் பார்த்தார், ஒத்துவரவில்லை. வெறுத்துப்போய்க் கள்ளக்குரலில் வேகமாகப் பாடினார், அந்தக் கணம் பாட்டு கிடைத்துவிட்டது! ராட்ஜர்ஸுக்கு முதலில் இது பெரிதாகத் தோன்றவில்லை. சில நாள் கழித்தும் மண்டையை விட்டு இறங்க மறுத்ததும் மனம் மாறினார். டிரம்ஸில் டோனி தாம்சன், பேஸில் பெர்னார்டு எட்வர்ட்ஸ், கிடாரில் தானே. அப்படியே ஷிக் குழு முழுசாக மடோனாவுக்குப் பின்னால்! ஆல்பம் தயாராகியும் வெளியீடு தள்ளிப்போனது, ஏனென்றால் அவருடைய முதல் ஆல்பம் இன்னும் விற்றுக்கொண்டே இருந்தது. செப்டம்பரில் எம்டிவி விருது விழா. கல்யாண கவுனில் பெரிய கேக்கின் மேலிருந்து இறங்கி வரும்போது காலணி கழன்றது. அதை எடுக்கக் குனிந்தவர் அப்படியே தரையில் புரண்டு பாடினார். டிசம்பர் 22-ல் பாட்டு முதலிடத்துக்கு வந்து ஆறு வாரம் அசையவில்லை.

நாலாம் இடத்தில் எனக்கு ஒரு இழுபறி. யெஸ் குழுவின் 'ஓனர் ஆஃப் அ லோன்லி ஹார்ட்' அங்கேதான் இருக்க வேண்டும் என்று ஒரு மனம் சொல்கிறது. கழிப்பறையில் பிறந்த பாட்டு அதுதான், அதை எழுதிய டிரெவர் ராபினே சொல்லியிருக்கிறார். தயாரிப்பாளர் டிரெவர் ஹார்ன் கெஞ்சிக் கூத்தாடிக் குழுவைப் பாட வைத்தார். ஆனால் வேன் ஹேலன் குழுவின் 'ஜம்ப்' முதல் நொடியிலேயே வந்து கதவை உடைக்கிறதே! ஆகவே யெஸ் எட்டாம் இடத்துக்கு இறங்கட்டும்.

எடி வேன் ஹேலன் உலகத்தின் மிகப் பெரிய கிடார்க்காரர்களில் ஒருவர். அவர் கீபோர்டில் ஒரு மெட்டைப் போட்டுக் காட்டியபோது குழுவில் யாருக்கும் ஆர்வம் இல்லை. கிடார் ஹீரோ கீபோர்டு வாசித்தால் ரசிகர்கள் என்ன சொல்வார்கள் என்ற கவலை பாடகர் டேவிட் லீ ராத்துக்கு. எடி என்ன செய்தார் தெரியுமா? தன் வீட்டுக் கொல்லையிலேயே ஒரு ஸ்டுடியோ கட்டினார். பெயர் '5150'. மனநிலை சரியில்லாதவர் என்று ஒருவரைப் பிடித்து வைக்கக் கலிஃபோர்னியாவில் பயன்படுத்தும் சட்டப் பிரிவின் எண் அது! அங்கே எஞ்சினியர் டான் லேண்டியோடு உட்கார்ந்து, ஓபர்ஹைம் சிந்தசைசரில் அந்த மெட்டைப் பதிவு செய்தார். ராத் அதைக் கேட்டுக்கொண்டே 1951 மாடல் மெர்க்குரி காரின் பின்சீட்டில் சாய்ந்தபடி வரிகளை எழுதினார். ஐந்து வாரம் முதலிடம். அவர்களுடைய '1984' ஆல்பம் மட்டும் இரண்டாம் இடத்தைத் தாண்டவில்லை. மேலே அடைத்துக்கொண்டு நின்றது மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்'. அதில் 'பீட் இட்' பாட்டின் கிடார் தனி ஆவர்த்தனத்தை ஒரு காசு வாங்காமல் வாசித்துக் கொடுத்தவர் யார்? இதே எடி!

மூன்றாம் இடத்தைப் பற்றி எழுதும்போது நான் கொஞ்சம் எழுந்து நிற்கிறேன். டினா டர்னர். 1976-ல் அடிக்கும் கணவனை விட்டு டாலஸ் நகரில் இரவில் வெளியேறியபோது அவர் கையில் இருந்தது 36 சென்ட். விவாகரத்தில் தன் மேடைப் பெயரை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அப்புறம் கடனை அடைக்க ஹோட்டல் மேடைகளில் வருஷக்கணக்கில் ஆட்டம். 'வாட்ஸ் லவ் காட் டு டூ வித் இட்' பாட்டை டெர்ரி பிரிட்டனும் கிரஹாம் லைலும் எழுதியிருந்தார்கள். கிளிஃப் ரிச்சர்டுக்குக் கொடுத்தார்கள், அவர் எடுத்துக்கொள்ளவில்லை. பக்ஸ் ஃபிஸ் குழு பதிவே செய்தது, ஆனால் வெளியே விடவில்லை. டினாவுக்கும் அந்த டெமோ பிடிக்கவே இல்லை. ரொம்ப மென்மை, இது என் பாட்டில்லை என்றார். டெர்ரி பிரிட்டன் அவருக்கேற்ற சுருதியில் வளைத்துக் கொடுத்தார்.

கேட்டுப் பாருங்கள், அவர் பெரும்பகுதி கத்தவே இல்லை. ராக் மேடையை அதிர வைத்த தொண்டை இங்கே அடக்கி அடக்கிப் பாடுகிறது. எந்த நிமிஷம் வெடிக்குமோ என்று நாம் காத்திருக்கிறோம், அவர் வெடிக்காமலே நம்மைக் கட்டிப்போடுகிறார். செப்டம்பர் 1-ல் உச்சிக்கு வந்தபோது அவருக்கு 44 வயது. ஹாட் 100-ல் அவருடைய முதல் நம்பர் ஒன்! வீடியோவில் தோல் பாவாடையும் டெனிம் ஜாக்கெட்டும் போட்டுக்கொண்டு நியூயார்க் தெருவில் அவர் நடக்கும் நடையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு விசில் அடிக்கத் தோன்றும்.

இரண்டாம் இடம் சிண்டி லாப்பரின் 'டைம் ஆஃப்டர் டைம்'. ஆல்பம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. இன்னும் ஒரு பாட்டு வேண்டும் என்று தயாரிப்பாளர் ரிக் செர்ட்டாஃப் பிடிவாதம் பிடித்தார். சிண்டியும் ராப் ஹைமனும் பியானோ முன்னால் உட்கார்ந்தார்கள். தலைப்புக்காக டிவி நிகழ்ச்சிப் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்த சிண்டியின் கண்ணில் 1979-ல் வந்த ஒரு சினிமாவின் பெயர் பட்டது. தற்காலிகமாக இருக்கட்டும், அப்புறம் மாற்றலாம் என்று வைத்துக்கொண்டார். பாட்டு வளர வளர அந்தப் பெயர் அதற்குள் வேர்விட்டுவிட்டது, பிடுங்க முடியவில்லை. செர்ட்டாஃப் ஒருநாள் தன் கைக்கடிகாரத்தைக் காட்டி, நொடிமுள் பின்பக்கமாகப் போகிறது என்றாராம். அதுவும் பாட்டுக்குள் போய்விட்டது! துணைக்குரலாக ஹைமனே பாடுகிறார். ஒருவர் விழப்போகும்போது இன்னொருவர் பிடிப்பதுபோல அந்த இரண்டு குரல்களும் சேரும். வீடியோவில் அம்மாவைப் பிரியும் காட்சியில் வருபவர் சிண்டியின் சொந்த அம்மாதான். மறுவருஷமே மைல்ஸ் டேவிஸ் இதைத் தன் டிரம்பெட்டில் வாசித்து ஆல்பத்தில் வெளியிட்டார். ஜாஸ் உலகத்தின் அவ்வளவு பெரிய ஆள் கையில் எடுக்கிறார் என்றால் மெட்டின் எலும்பு எவ்வளவு உறுதி!

முதலிடம்? சந்தேகமே இல்லாமல் பிரின்ஸ், 'வென் டவ்ஸ் க்ரை'. அவருடைய 'லெட்ஸ் கோ க்ரேஸி'யும் அதே வருஷம் உச்சி தொட்டது. அதற்கு ஒன்பதாம் இடம். ஆனால் இது வேறு ரகம்.

லாஸ் ஏஞ்சல்ஸ், சன்செட் சவுண்ட் ஸ்டுடியோ, 1984 மார்ச். 'பர்பிள் ரெயின்' படத்தில் ஒரு காட்சித் தொகுப்புக்குப் பாட்டு வேண்டும் என்று இயக்குநர் ஆல்பர்ட் மக்னோலி கேட்டிருந்தார். அறையில் பிரின்ஸின் குழு இல்லை. எஞ்சினியர் பெக்கி மெக்ரியரி மேசையில் இருக்க, கிடார், கீபோர்டு, பாட்டு எல்லாம் 25 வயது பிரின்ஸே. லின் டிரம் மெஷினில் குச்சியைப் பக்கவாட்டில் தட்டும் ஒலியை எடுத்துச் சுருதியைக் கீழே இறக்கினார். அதுதான் அந்தப் பாட்டில் கதவைத் தட்டுவதுபோல வரும் விநோத ஒலி. கடைசியில் வரும் கீபோர்டு ஓட்டத்தை டேப்பைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு வாசித்து, பிறகு முழு வேகத்தில் ஓட்டினார்.

எல்லாம் முடிந்தது. ஆனால் பாட்டு பத்தோடு பதினொன்றாக இருப்பதாக அவருக்கு ஒரு குறை. அப்போதுதான் பேஸ் கிடாரை மொத்தமாக எடுத்துவிட்டார். ஆட வைக்கும் பாட்டில் பேஸை எடுப்பது தவில் இல்லாமல் கல்யாண ஊர்வலம் கிளம்புவது மாதிரி! கீழே தரையே இல்லாமல் டிரம்மும் குரலும் அந்தரத்தில் நிற்கின்றன. அந்த வெற்றிடத்தில்தான் அப்பா அம்மா சண்டையைப் பார்த்து வளர்ந்த பையனின் பயம் கேட்கிறது. பேஸ் இருந்திருந்தால் நாம் ஆடிக்கொண்டே அதைத் தாண்டிப் போயிருப்போம்.

ஜூலை 7 முதல் ஐந்து வாரம் முதலிடம், வருஷக் கணக்கிலும் பில்போர்டின் முதல் சிங்கிள். ஆகஸ்ட் தொடக்கத்தில் பாட்டு, ஆல்பம், படம் மூன்றிலும் அமெரிக்காவில் முதலிடம் அந்த ஒருவரிடமே இருந்தது! ஆல்பம் 24 வாரம் கீழே இறங்கவில்லை.

இந்த ஐந்து வாரக் கதவில் முட்டிக்கொண்டு நின்ற ஒருவரையும் சொல்லியாக வேண்டும். புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் ஆல்பத்துக்காக ஏகப்பட்ட பாட்டுகளை எழுதி முடித்திருந்தார். மேனேஜர் ஜான் லாண்டோ, ரேடியோவுக்கு ஒரு ஹிட் வேண்டும், இன்னொன்று எழுது என்றார். ஸ்பிரிங்ஸ்டீனுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடு ஒரே இரவில் எழுதியது 'டான்சிங் இன் த டார்க்'. நாலு வாரம் இரண்டாம் இடம். முதல் வாரம் மேலே 'த ரிஃப்ளெக்ஸ்', அடுத்த மூன்று வாரமும் பிரின்ஸ். இதற்கு பிரையன் டி பால்மா எடுத்த வீடியோவில், பிறகு 'ஃப்ரெண்ட்ஸ்' தொடரில் புகழ்பெற்ற கோர்ட்னி காக்ஸைக் கூட்டத்திலிருந்து மேடைக்கு இழுத்து ஆடுவாரே, அந்த மேடை இருந்த ஊர் எது தெரியுமா? மினசோட்டாவின் செயின்ட் பால். ஆற்றைத் தாண்டினால் மினியாபொலிஸ், பிரின்ஸின் சொந்த ஊர்! ஸ்பிரிங்ஸ்டீன் எழுதிய 'பிளைண்டட் பை த லைட்' 1977-ல் மான்ஃப்ரெட் மான் குழு பாடி முதலிடம் போனது. ஆனால் தன் குரலில், தன் பெயரில் ஹாட் 100-ன் உச்சி அவருக்குக் கிடைக்கவே இல்லை.

விதிப்படி இருபதுக்குள் அதைச் சேர்க்கக் கூடாது. இருக்கட்டும். சிண்டிக்கும் பிரின்ஸுக்கும் நடுவில் செருகிவிட்டேன், காசெட்டில் இடம் போதவில்லை என்றால் 'மிஸ்ஸிங் யூ'வை அடித்துவிடுங்கள்.